வாய்க்காலுக்குக் காவல்

வீராதி வீரரான என் கணவருக்கு,

நீங்கள் மண்டூரில் ஒளிந்திருப்பதாக என் தம்பி சொன்னான். மூன்று வருடமாக மாரி பொய்த்தது. தண்ணீரை முறை வைத்துப் பிரிக்க வட்டை விதானை என்றொரு பொறுப்பாளர் இருந்தும், வாய்க்காலைக் காக்க நீங்கள் துவக்கும் தோட்டாவும் வாங்கினீர்கள். அடுத்த கிழமையே மேல்வயல் உசனாரும் வாங்கினார். மழையில்லாத ஊரில் துவக்கு விற்றவனுக்குத்தான் நல்ல விளைச்சல்.

போன கிழமை உசனாரைச் சுட்டுக் கொன்றீர்கள். தண்ணீரைத் திருப்ப வந்தாராம். அவர் விழுந்தபோது வாய்க்காலில் புழுதி பறந்ததாம்.

அவருடைய மனைவி றபீக்கா என்னிடம், "உங்கட மனிசன் எதைக் காத்தவர்?" என்று கேட்டாள்.

வீடும் வயலும் என் தாய் தந்த சீதனம். துவக்கு மட்டுமே உங்கள் சொத்து. அதோடு போய்க் குடும்பம் நடத்துங்கள். மழை பெய்தாலும் இந்த வாசற் படலையைத் திறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
வயல்காரி