அத்தாவின் மாத்திரையும் தம்பியின் மன்னிப்பும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகனும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே நாங்களும் அல்லாஹ்வின் தயவால் இருக்கிறோம், நன்றாக இருக்கிறோம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். போனில் சொன்னால் உன் அத்தா காதிலும் தம்பி காதிலும் விழும், அதனால்தான் கடிதம். இதை எழுதும் சாக்கில் கொஞ்ச நேரம் உட்காரவும் முடிகிறது.

இடுப்பு ஆபரேஷன் முடிந்து வந்ததிலிருந்து அத்தாவுக்கு முன் அறையில்தான் கட்டில். ஜன்னலைத் திறந்தால் தெருச் சத்தம் என்கிறார், மூடினால் மூச்சு முட்டுகிறது என்கிறார், அதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. பழகாதது என்னவென்றால் வலி மாத்திரையைத் தொடமாட்டேன் என்கிறார். “இது அல்லாஹ் புடிச்ச புடி, மாத்திரையப் போட்டுக்கிட்டு நழுவச் சொல்றியா” என்று என்னையே கேட்கிறார். நடக்கப் பழக்க வரும் பெண்ணைப் பார்த்தால் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். உனக்குத்தான் தெரியுமே, வெல்டிங் பட்டறையில் பொறி பறக்கும்போது பிள்ளைகள் உங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்தி, இதுக்கே கை கொப்புளிக்குதே, நரகத்து நெருப்பு எப்படி இருக்கும் என்று கேட்பாரே. அவரும் உங்களோடு சேர்ந்து பயந்துகொண்டுதான் நின்றிருக்கிறார் என்று இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

தம்பி கதை நேர் எதிர். அவன் தன் கம்பெனிக்காக லிஃப்ட் பராமரிக்கிற ஒரு கட்டடத்தில் பிரேக் தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள் என்று அங்கிருக்கும் காவலாளி இவனிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். இவன் நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தான். கடைசியில் லிஃப்ட் நிற்காமல் கீழே போய் மோதி, உள்ளே இருந்த அந்த மனிதருக்கே முட்டி உடைந்தது. ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி பார்த்துக்கொண்டது. இவன் ஒரு எட்டு போய் எட்டிப் பார்க்கவில்லை. கேட்டால், “தௌபா செஞ்சு மன்னிப்புக் கேட்டுட்டேம்மா, அல்லாஹ் மன்னிக்கிறவன், நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டிருக்க” என்று சொல்லிவிட்டு இன்னொரு தட்டு சோறு கேட்கிறான். ஒருவர் அல்லாஹ் தண்டிப்பான் என்று படுத்துக்கிடக்கிறார், ஒருவன் அல்லாஹ் மன்னிப்பான் என்று படுத்துக்கிடக்கிறான், எழுந்து நடமாடுவது நான் ஒருத்தி.

போன வாரம் சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு அத்தாவுக்குப் படுக்கை விரிப்பு மாற்றினோம். தம்பி அவரைத் தூக்கிப் பிடித்திருந்தான். வலி தாங்காமல் அவர், “எனக்கு வந்தது உனக்கும் இருக்குடா, ஒரு மனுஷன் காலை உடைச்சிருக்க” என்றார். இவன் பிடியை விடாமலே, “உங்க அல்லாஹ் வேற, என் அல்லாஹ் வேற” என்று சொல்லிவிட்டான். நான் அழுக்கு விரிப்போடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கோபப்படக்கூடத் தெம்பில்லை.

அவனிடம் சொன்னேன், “அவன் ஒருத்தன்தாண்டா. மன்னிக்கிறவன்தான். ஆனா அந்த மனுஷனுக்கும் அவன்தான் படைச்ச ரப்பு. உனக்கும் அவனுக்கும் நடுவுல உள்ளத அவன்கிட்ட கேளு. அந்த முட்டிக்கு உள்ள மன்னிப்ப அந்த மனுஷன்கிட்ட போய்க் கேளு.” அத்தாவிடம் சொன்னேன், “அவன் தந்த வலிய வாங்கிக்கிறீங்க, அவன் தந்த மருந்தை மட்டும் ஏன் தள்ளுறீங்க? பயப்படுங்க, வேணாம்னு சொல்லல. ஆனா அவன்மேல இவ்வளவு கெட்ட நெனப்பு வேணாங்க.” அத்தா தம்பியின் சட்டையைப் பிடித்த கையை வெகுநேரம் விடவே இல்லை.

மறுநாள் தம்பி அந்தக் காவலாளி வீட்டுக்குப் போனான். முதல் தடவை அவர் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே அனுப்பிவிட்டார். திரும்பவும் போனான். இந்தத் தடவை அவர் உள்ளே விட்டு, இவன் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, “அல்லாஹ்கிட்ட கேட்டுட்டியாக்கும், என்கிட்ட கேக்க இத்தனை நாளாச்சு தம்பி” என்றாராம். இவன் அங்கேயே நின்று அழுதிருக்கிறான். அவருக்கு ஆஸ்பத்திரிக்குப் போக மாடிப்படி இறங்க வேண்டும், தூக்க ஆளில்லை. இப்போது இவன்தான் முதுகில் சுமந்து இறக்குகிறான், ஏற்றுகிறான். மன்னிச்சுட்டாரா என்று கேட்டேன். “இன்னும் சொல்லலம்மா, நானும் கேட்டு நச்சரிக்கல” என்றான். ஒரே தட்டு சோறோடு எழுந்துபோனான்.

அத்தா அதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் கிடந்தார். நேற்று என்னைக் கூப்பிட்டு, மாத்திரையில் பாதி கொடு என்றார். முழுசாகவே போட்டுக்கலாமே என்றேன், பாதி போதும் என்றார். சரி, பாதியாவது ஆகட்டும். கொஞ்சம் அசந்து தூங்கினார். நடக்கப் பழக்கும் பெண் வந்தபோது திட்டிக்கொண்டே காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. அன்றைக்குப் போனில் பேத்தி பால் குடிக்கமாட்டேன் என்று அடம்பிடித்தபோது, அல்லாஹ் அடிப்பான் என்று நீ மிரட்டியது காதில் விழுந்தது. அதை மட்டும் சொல்லி வளர்க்காதே. அதற்காக, எது செய்தாலும் அவன் கண்டுகொள்ளமாட்டான் என்றும் செல்லம் கொடுக்காதே. பால் தந்தவன் அவன் என்று முதலில் சொல். பாலைக் கொட்டினால் அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதைப் பிறகு சொல்லலாம். நம் வீட்டில் ஆளுக்கு ஒரு பாதியைப் பிடித்துக்கொண்டு பட்ட பாடு போதும்.

எனக்கும் ஒன்று நடந்தது. எப்போதும் அத்தாவுக்காக யா ரஹ்மான், அருளாளனே என்று கேட்பேன், தம்பி விஷயம் நினைவு வந்தால் நீதியாளனே என்பேன், காரியத்துக்கு ஒரு பெயர். இன்று விடியற்காலை சுப்ஹு தொழுதுவிட்டுக் கையை ஏந்தியபோது, களைப்பில் எந்தப் பெயரும் வாயில் வரவில்லை. யா அல்லாஹ் என்று மட்டும்தான் வந்தது. கேட்க வேண்டியது எல்லாம் அதற்குள்ளேயே இருந்தது மகளே, அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் கையை முகத்தில் தடவிக்கொண்டு எழுந்தேன்.

உங்கள் மூவரையும் அவன் தன் காவலில் வைத்திருக்கட்டும், வீட்டில் பரக்கத் தரட்டும். வெள்ளிக்கிழமை அத்தாவுக்குப் போன் செய், வலி எப்படி என்று எடுத்ததும் கேட்காதே, பேத்தியைப் பேசவிடு.

துஆவுடன்,
உன் அம்மா