நம்ம ஸ்டேஷனும் ஓர் ஒப்பாரியும்

என் ஆசை அண்ணிக்கு,

நீ போய்ப் பன்னிரண்டு நாளாகிறது. வீட்டில் எல்லாரும் வேளைக்குச் சாப்பிடுகிறார்கள், கவலைப்படாதே. அண்ணன்தான் சட்டைப் பட்டனை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு திரிகிறார். நீ இருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பாய்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் ஸ்டேஷனைப் பற்றித்தான் பேசினார்கள். ஸ்டேஷனாம்! பஞ்சாயத்து ரேடியோ ரூம்தானே அது? எழுபதுகளின் கடைசியில் பெட்டியைத் திறந்து மூடுகிற வேலை அண்ணனுக்கு. சாயங்காலம் விவசாய நிகழ்ச்சியை வைப்பார், கூரைமேல் இருந்த குழாய் ஸ்பீக்கரில் ஊரே கேட்கும். அத்தோடு விட்டாரா? உத்திரமேரூரில் பழைய ஆம்ப்ளிஃபயரும் மைக்கும் வாங்கி வந்தார். "மெட்ராஸ்காரன் பாட்டையே எத்தினி நாளைக்குக் கேட்டுக்கினு இருக்கறது? நம்ம பாட்டு இன்னா கொறஞ்சி பூட்ச்சி?" என்றார்.

முதல் நாள் பாட ஆளே வரவில்லை. உன்னைத்தான் இழுத்துக்கொண்டு போனார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே நடவுப் பாட்டைப் பாடினாய். மறுநாளிலிருந்து ரூம் வாசலில் கூட்டம். ஏற்றப் பாட்டு, கும்மி, தாலாட்டு என்று யார் யாரோ பாடினாலும், கடைசியில் நீ பாடாமல் ஜனம் கலையாது. கழனியில் உன்னை "ரேடியோக்காரம்மா" என்று கூப்பிடுவார்கள். உனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு, இல்லையென்று சொல்லாதே.

அந்த வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரம். நாம் இருவரும்தான் உள்ளே இருந்தோம். "எல்லாம் பாடியாச்சி. உங்க நைனாவுக்குப் பாடின ஒப்பாரிய பாடேன் அண்ணி" என்றேன். "வெளக்கு வெக்கற நேரத்துல இன்னா பேச்சுடி இது?" என்று தயங்கினாய். நான் விடவில்லை, கெஞ்சினேன். நீ மைக் முன்னால் கண்ணை மூடிப் பாட ஆரம்பித்தாய்.

ஏரிக்கு அந்தப் பக்கம் உன் தாய்வீடு. காற்றும் அன்று அந்தப் பக்கம்தான். வார்த்தை புரியாத தூரம், உன் குரலும் ஒப்பாரி ராகமும் மட்டும் போயிருக்கிறது. என்ன நினைப்பார்கள்? மாப்பிள்ளை போய்விட்டார் என்றுதான். கொஞ்ச நேரத்தில் உன் அம்மா தலைவிரி கோலமாக மாரில் அடித்துக்கொண்டு வந்தாள், பின்னால் உன் தம்பிகள் கோடித் துணியோடு. அண்ணன் ரூம் வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். "வாங்க அத்தே, இன்னா விசேசம்?" என்றாரே! உன் அம்மா அங்கேயே மயங்கி விழுந்தாள்.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று சிரிக்க முடிந்ததா? "புருசன் குத்துக்கல்லாட்டம் குந்திக்கினு கீறான், வெள்ளிக்கெயம அதுவுமா ஒப்பாரி பாடறா பாரு!" என்று எங்கம்மா தெருவில் நின்று உன்னைக் கிழித்தாள். பஞ்சாயத்துத் தலைவர் மைக்கைப் பிடுங்கிப் பூட்டி வைத்துவிட்டார். ஸ்டேஷன் அத்தோடு சரி. நீயும் அதன்பிறகு பாடவே இல்லை, என் பிள்ளைகளுக்குத் தாலாட்டுகூட. நான் கேட்டுத்தான் பாடினாய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீயும் சொல்லவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேலாக அது என் நெஞ்சை அறுத்துக்கொண்டே இருந்தது.

நேற்று அண்ணனிடம் அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"தெரியுமே. மைக்கு தொறந்துதான கெடந்துச்சி? நீ கெஞ்சினது ஊருக்கே கேட்டுச்சி. அம்மாவுக்குந்தான்."

"அப்புறம் ஏன் யாருமே ஒண்ணும் சொல்லல?"

"அவதான் வூடு வூடா போயி கேட்டுக்கினா. நாத்தனாரு பேர எடுக்காதீங்க, பொண்ணு பாக்க வந்துக்கினு கீறாங்க, ராசியில்லாதவன்னு பேராயிட்டா எவன் கட்டுவான், பயி என்மேலயே இருக்கட்டும்னு."

அடுத்த தையில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. மணையில் உட்காரும்போது என் தலையில் பூ வைத்துவிட்டவள் நீ. எப்படி அண்ணி உன்னால் முடிந்தது? ஒரு தடவையாவது என்னைத் திட்டியிருக்கக் கூடாதா?

பதினாறாம் நாள் காரியத்துக்கு மைக் செட் சொல்லியிருக்கிறோம். ஊருக்குத் தெரிந்திருந்தால் என்ன, என் வாயால் சொல்ல வேண்டாமா? எல்லார் முன்னாலும் சொல்வேன், அன்றைக்குப் பாடச் சொன்னது நான்தான் என்று. சொல்லிவிட்டு, குரல் உடைந்தாலும் சரி, உனக்கு நானே ஒப்பாரி பாடுவேன்.

உன் பாட்டைப் பறித்துக்கொண்டு வாழ்ந்த,
உன் நாத்தனார்