ஷெல் துண்டு நகரவில்லை, மச்சாள்

மச்சாள், இன்று காலை மகள் என் இடுப்பில் தைலம் தேய்த்துவிட்டாள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உங்கள் கடைசி வருடம் முழுவதும் உங்கள் மேல் இருந்த வாசம் அது.

"என்னம்மா, எரியுதோ?" என்று கேட்டாள். ஓம் என்று சொல்லிவைத்தேன்.

மூன்று கிழமையாக நோகிறது. எனக்கும் மார்பில் புற்று வந்து வெட்டி ஐந்து வருடமாகிறது. உங்களுக்குத் தெரியாது, நீங்கள் போன பிறகுதான் எனக்கு வந்தது.

உங்களுக்கு மார்பு வெட்டியது நாங்கள் அகதி முகாமில் இருந்தபோது. உங்களைக் கட்டிய என் அண்ணாவையும் என்னையும் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை. பிறகு வெள்ளாங்குளத்துக்குத் திரும்பி, தறப்பாள் கூடாரத்துக்குள் இருந்துகொண்டு வீட்டுக்கு அத்திவாரம் வெட்டினோம். கல் சுமந்தது நீங்களும் நானும்தான். அப்போதுதான் உங்களுக்கு முதுகு நோகத் தொடங்கியது. ஊரில் யாருக்குத்தான் நோகவில்லை? அதோடு உங்கள் தோளுக்குக் கீழே எடுக்காமல் விட்ட ஷெல் துண்டு ஒன்றும் இருந்தது. "துண்டு நகருது போல," என்றீர்கள். மழைக்கு நகரும், பாரம் தூக்கினால் நகரும் என்று துண்டு உள்ள எல்லாரும் சொல்வார்கள். நானும் தலையாட்டினேன்.

ஆனால் துண்டு இருந்தது தோளடியில். நொந்தது இடுப்புக்குக் கிட்ட. கல் சுமந்த நோவு படுத்தால் ஆறும். உங்களுக்குப் படுத்தால்தான் கூடியது. சட்டைகள் தொளதொளத்தன. கிணற்றடியிலிருந்து வாளியோடு வருவதற்குள் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினீர்கள். இத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மூளை வேலை செய்யவில்லையா?

செய்தது, மச்சாள். அதைத்தான் எழுத வந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்று ஒப்பறேசன் விபரம் எழுதியிருந்த பழைய கிளினிக் கொப்பியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, கடையில் புதுக் கொப்பி வாங்கினீர்கள். நாங்கள் கொண்டுபோகும் கொப்பியில் இருப்பது மட்டும்தானே டொக்டருக்குத் தெரியும். எனக்கு உடனே விளங்கிவிட்டது. டொக்டருக்காகக் காத்திருந்த வாங்கு முழுக்க ஊர்ச்சனம். "பிள்ளைக்குக் கலியாணம் பேசி வருது. நீ வாய் திறக்காதை," என்று என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தீர்கள்.

"முந்தி ஏதும் ஒப்பறேசன் செய்தனீங்களோ?" டொக்டர் கேட்டார்.

"இல்லை, ஐயா. ஷெல் துண்டு மட்டும்தான்."

எக்ஸ்றேயில் துண்டு வெள்ளையாகத் தெரிந்தது. எல்லாருக்கும் நிம்மதி. நோவுக்குக் குளிசை தந்தார்கள். வரும் வழியில் சோடா குடித்துச் சிரித்தோம்.

கலியாணம் நடந்தது. ஒரு மாதத்தில் வயல் வரம்பில் கால் மரத்து விழுந்தீர்கள். அதன் பிறகுதான் பழைய கொப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். புற்று முள்ளந்தண்டுக்கும் நுரையீரலுக்கும் போயிருந்தது. டொக்டர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "இதை முதலே காட்டியிருக்கலாமே, அம்மா," என்றார். அவர் ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். முதலே தெரிந்திருந்தாலும் உங்களைக் காப்பாற்றியிருப்பார்களோ தெரியாது. இன்னும் கொஞ்சக் காலம் நடக்க வைத்திருக்கலாம். அந்த நோவையாவது குறைத்திருக்கலாம்.

எனக்கும் மூன்று கிழமையாகச் சாட்டுத்தான் வாயில் வந்தது. நாற்று நட்டதால் என்றேன், வயசு போகுது என்றேன். சாட்டுச் சொல்ல ஷெல் துண்டுகூட இல்லாத பாவி நான். எங்கள் வீட்டிலும் மகளுக்குக் கலியாணப் பேச்சுக்கால் நடக்கிறது. நீங்கள் பிடித்த பிடி இன்னும் என் கையை விடவில்லை.

தைலத்தைத் துடைத்துவிட்டு மகளோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இளந்தாரி டொக்டர். பின்னால் வாங்கில் எங்களைத் தெரிந்த சனம்.

"என்னம்மா செய்யுது?"

"எனக்கு மார்பில புற்றுநோய் வந்து வெட்டினது, டொக்டர்," என்றேன், எல்லாருக்கும் கேட்க. "இப்ப இடுப்பு நோகுது. மூண்டு கிழமை. படுத்தாலும் விடுதில்லை."

அவர் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். வெள்ளிக்கிழமை ஸ்கேன். என்ன வருமோ என்று பயமாக இருக்கிறது, மச்சாள். ஆனால் டொக்டரிடம் அதைச் சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அன்றைக்கு உங்களுக்காகச் சொல்லியிருந்தாலும் அவ்வளவுதான் ஆகியிருக்கும்.