இரண்டு ஊசிக்குப் பிறகு ஒரு சஹன்

கொழும்பு, 28.07.2021

சங்கைக்குரிய உம்மாவுக்கு நிஃப்லா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் வலி எப்படி? கற்பிட்டியில் சோளகக் காற்று குறைந்ததா?

பெருநாளன்று, இரண்டு ஊசியும் போட்ட தைரியத்தில், விடுதியில் தாதிமார் நாங்கள் நாலு பேரும் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரே சஹன் தட்டைச் சுற்றியிருந்து சாப்பிட்டோம். நாலு பேருக்கும் கொரோனா. பயப்படாதீர்கள், எனக்கு வெறும் இருமல்தான். எங்கள் வார்ட்டில் ஒட்சிசனோடு கிடப்பவர்கள் அநேகமாக ஊசி போடாதவர்கள்.

இப்போது ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு பார்சல் சோறு. மணம் தெரியவில்லை. மீன் லொறி ஓட்டும் முஹ்ஸின் நானாவிடம் கொஞ்சம் கருவாடு கொடுத்துவிடுங்கள், அதுவாவது மணக்கிறதா பார்க்கிறேன்.

"ரெண்டு போட்ட ஒனக்கே வந்திட்டே, எனக்கு ஏன் மகள்?" என்பீர்கள். உங்கள் இரண்டாவது ஊசி திங்கட்கிழமை. போட்டுவிட்டு எனக்குப் போனில் கோல் எடுங்கள். அதற்கு முன் வேண்டாம்; என் இருமலைக் காதால் கேட்டால் ஊசிக்குப் போகமாட்டீர்கள்.

மகள் நிஃப்லா