குங்குமம் வைத்த பாம்பு முட்டைகள்

இஞ்சாருங்கோ, இன்றைக்கு வீட்டுக்குக் கீழே இருக்கிற நிலவறையை, அதுதான் கெல்லரை, ஒதுக்கினேன். இந்த வீடு எனக்கு ஒருத்திக்குப் பெரிது. இந்த வில் நகரத்திலேயே ஒற்றை அறை வீடொன்று பார்த்திருக்கிறேன். பழைய சூட்கேசுகளுக்குப் பின்னால் அந்தக் கண்ணாடித் தொட்டி இருந்தது. அடியில் காய்ந்துபோன பாசி. கழுவுவோம் என்று தண்ணீர் ஊற்றினேன். அவ்வளவுதான், அந்த மணம் எழும்பிவிட்டது. அப்படியே படியில் குந்திவிட்டேன். பாசி மணத்துக்கு ஊர்க் கிணறு ஞாபகம் வருகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். எனக்கு உங்கள் பாம்புகள்தான் வருகின்றன. என்ன தலைவிதியோ!

எண்பதுகளின் நடுப்பகுதி அது. கலவரத்துக்குப் பிறகு ஓடிவந்து, அகதி வழக்கு முடியாமல் இழுபட்டுக்கொண்டிருந்த காலம். நீங்கள் தொழிற்சாலையில். நான் முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை. கலியாணம் முடித்துப் பல வருடமாகியும் பிள்ளை இல்லை. டொக்டர், எங்கள் இரண்டு பேரிலும் பெரிய குறை தெரியவில்லை, இன்னும் சில சோதனைகள் செய்து பார்ப்போம் என்றார். நான் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அதற்கிடையில் ஊரிலிருந்து வந்த ஒருவர் மாமி சொல்லிவிட்டதைக் கொண்டுவந்து சேர்த்தார். சாத்திரியார் உங்கள் சாதகத்தைப் பார்த்து நாகதோஷம் என்று சொல்லிவிட்டாராம்.

நான் வெடித்துச் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. முகம் கறுத்துப்போனது.

"அது நான் செய்ததுதானப்பா," என்றீர்கள். "சின்னனிலை, விறகுக்குள்ளை கிடந்த பாம்பு முட்டையளைக் கல்லாலை குத்தி உடைச்சனான்."

"உங்கடை ஊரிலை அதைச் செய்யாத பெடியன் ஆர்? அவங்களுக்கெல்லாம் வரிசையாப் பிள்ளையள் இருக்குத்தானே!" என்றேன். உங்கள் காதில் அது ஏறவேயில்லை. நாகதம்பிரான் கோயிலுக்குப் போய்ச் சாந்தி செய்யலாமென்றால் ஊருக்குத் திரும்ப வழியில்லை. இங்கே அப்போது கும்பிட ஒரு கோயிலும் கிடையாது. குசினி அலுமாரியின் மேல்தட்டில் இருந்த படங்கள்தான் எங்கள் மூலஸ்தானம்.

அந்த நேரம் பார்த்துத்தான் ரூடி வாய்த்தார். உங்களோடு ஒரே மெஷினில் நின்ற மனிதர், வீட்டில் பாம்பு வளர்த்துக் குஞ்சு பொரிக்க வைக்கிறவர். உங்களுக்கு வேறென்ன வேண்டும்? உடைத்ததற்குப் பதிலாகப் பொரிக்க வைத்தால் தோஷம் கழியும் என்று நீங்களே ஒரு சாந்தியைக் கண்டுபிடித்தீர்கள். ஒருநாள் வேலையால் வந்து பார்க்கிறேன், முன்னறையில் கண்ணாடித் தொட்டிக்குள், பாசிக்கு மேல் இரண்டு சோளப்பாம்புகள். செவ்விளநீர் நிறம், விஷமில்லாத சாதி. நான் வாசலிலேயே நின்று கத்தினேன்.

"இது நாகமே இல்லை, அமெரிக்காப் பாம்பு. இதுக்கெல்லாம் தோஷம் கழியுமோ?"

"தோஷம் விசா எடுத்தோ எங்களோடை இஞ்சை வந்தது? சாந்திக்கு மட்டும் ஏன் விசா?" என்றீர்கள். அந்த வாய்க்கு ஒரு குறைச்சலும் இல்லை.

ரூடி வெள்ளிக்கிழமையில் செத்த எலி கொடுக்கச் சொல்லியிருந்தார். நீங்கள் அதைச் சனிக்கு மாற்றினீர்கள். வெள்ளியில் எங்கள் வீட்டுப் பாம்புகளும் விரதம். எனக்கு அருவருப்பு மெல்ல மெல்லப் போனது. குளிர் முடிந்து இரண்டையும் ஒன்றாக விட்டீர்கள். பிறகு பெண் பாம்பு சாப்பாட்டை மறுத்தது, வயிறு தடித்தது. கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு, "பாரப்பா, வயிறு வைச்சிட்டுது!" என்று நீங்கள் சத்தம் போட்டபோது நான் குசினிக்குள் போய்விட்டேன். ஒரு பாம்பின் மேல் பொறாமை வந்தது. ஓம், பாம்பின் மேல்தான். யாரிடம் சொல்லி அழ?

ஆனாலும் முட்டைகளைக் கண்டதும் நானும் விழுந்துவிட்டேன். ஓடில்லாமல் கோழி இடுகிற தோல்முட்டை மாதிரி வெள்ளையாக, மெதுமெதுவென்று, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ரூடி உடனே வந்து பதமாகப் பிரித்தெடுத்தார். ஈரப் பாசி போட்ட பெட்டியில் அடுக்கி, ஒவ்வொன்றின் மேற்புறத்திலும் பென்சிலால் புள்ளி வைத்தார். கோழிதான் முட்டையைப் பிரட்டும், பாம்பு முட்டையைப் பிரட்டவே கூடாது, உள்ளே குஞ்சு ஒட்டியிருக்கும், புள்ளி எப்போதும் மேலேயே இருக்கவேண்டும் என்றார். அதை எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னவரே நீங்கள்தான். பெட்டிக்கு வெளியே வெப்பமானி, உள்ளே நனைந்த பாசி. வேலையால் வந்தால் சப்பாத்தைக் கழற்ற முதல் பெட்டியைத்தான் பார்ப்பீர்கள். அந்த நாட்களில் நீங்கள் என்னோடு எவ்வளவு கதைத்தீர்கள்! பிள்ளைக்குப் பெயர்கூடப் பார்த்துவிட்டோம். பாம்புக் குஞ்சுக்கில்லை, எங்கள் பிள்ளைக்கு.

பேந்து ஆடி வெள்ளி வந்தது.

நான் வேலையால் வர நீங்கள் முழுகி, வேட்டி கட்டி, சாம்பிராணி புகைத்து வைத்திருந்தீர்கள். சாமிப் படங்களுக்கு முன்னால் பித்தளைத் தாம்பாளம். அதில் முட்டைகள். எல்லாவற்றையும் மஞ்சள் தண்ணீரில் கழுவி, துடைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தீர்கள். பார்க்க என்ன வடிவு! பிறகுதான் குனிந்து பார்த்தேன். பென்சில் புள்ளி ஒன்றையும் காணவில்லை.

"எது மேல் பக்கம்? ரூடி என்ன சொன்னவர்?"

உங்கள் கை ஒரு கணம் நின்றது. பிறகு சமாளித்தீர்கள். "அந்தாளுக்குப் பாம்பைத் தெரியும், நாகதம்பிரானைத் தெரியுமோ? முழுக வாக்காமல், பொட்டு வைக்காமல் ஆரும் பூசை செய்யிறதோ? தம்பிரானுக்குத் தெரியும் எது மேல், எது கீழ் எண்டு."

கொஞ்ச நாளில் முட்டைகள் குழி விழுந்தன. மஞ்சளித்தன. குங்குமத்தைச் சுற்றிப் பச்சைப் பூஞ்சணம் பிடித்தது. எறிய விடமாட்டேன் என்று நின்றீர்கள். கடைசியில் ரூடி வந்து ஒன்றைக் கத்தரித்துப் பார்த்தார். உள்ளே சுருண்டபடி ஒரு குஞ்சு. நிறமெல்லாம் பிடித்து, கண்ணெல்லாம் வைத்து, செத்திருந்தது. சிவப்புப் பொட்டு என்னவென்று கேட்டார். நீங்கள் உங்களுக்குத் தெரிந்த டொச் மொழியில் சொன்னீர்கள். மனிதர் திட்டவில்லை. தன் வீட்டிலும் சில வருடம் ஒன்றும் பொரிப்பதில்லை, ஏனென்று தனக்கே தெரியாது என்று சொல்லி உங்கள் தோளைத் தட்டினார்.

அவர் போனதும், "நல்ல மனிசன், எனக்காகப் பொய் சொல்லுறார்," என்றீர்கள். பிறகு உங்கள் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு, "அப்ப கல்லாலை. இப்ப பூசை வைச்சு. இரண்டு தரமும் இந்தக் கையாலைதான்," என்றீர்கள்.

பாம்புகள் ரூடியிடமே திரும்பிப் போயின. டொக்டரிடம் அடுத்த சோதனைக்கு வாருங்கோ என்று கெஞ்சினேன், சண்டை பிடித்தேன், ஒரு வாரம் சமைக்காமலும் இருந்து பார்த்தேன். "இனி என்னத்துக்கு?" என்ற ஒரே சொல்தான். பிறந்தநாள் வீடுகளில் சனம் பிள்ளையைத் தூக்கி நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வீர்கள். ராசியில்லாத கையாம். "பெருமை பிடிச்ச மனிசன்" என்று சனம் கதைத்தது. கதைக்கட்டும். ஆனால் என்னையும் தொடவில்லையே நீங்கள். தேத்தண்ணிக் கோப்பையைக்கூட என் கையில் தராமல் மேசையில் வைத்துவிட்டுப் போவீர்கள். ஒரே வீடு, ஒரே சோறு, இத்தனை வருடம். தோஷம் எனக்கும் ஒட்டிவிடும் என்று பயந்தீர்களோ? விசரன்! ஒட்டினால் ஒட்டட்டும் என்று எத்தனை தரம் சொன்னேன்.

உங்கள் கடைசிக் கடமையைச் செய்யப் பிள்ளை இல்லாமல் யாரோ ஒருவரின் மகன்தான் செய்தான். சனம் அதைச் சொல்லித்தான் எனக்காக அழுதது. எனக்கு அந்தத் துக்கம் பழகிப்போனது. பிள்ளையில்லாமல் நான் உங்களோடு சந்தோஷமாக இருந்திருப்பேன். அதை நீங்கள் ஒருநாளும் நம்பவில்லை.

ஆஸ்பத்திரியில் உங்கள் மூச்சு நின்ற பிறகு நேர்ஸ் என்னைத் தனியே விட்டுவிட்டுப் போனாள். கட்டிலோரம் இருந்து உங்கள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அது இன்னும் சூடாகத்தான் இருந்தது. ஆறும்வரை வைத்திருந்தேன். நீங்கள் இழுக்கவில்லை.