எந்த ஜன்னலுக்கும் சேராத திரை

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. அலுமினிய ஜன்னல் மாற்றிய பிறகு முதல் பெருமழை. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. ஆனால் கர்ட்டன் இன்னும் வராததால் நான் பல் தேய்ப்பதை எதிர்வீட்டுக்காரர் தினமும் தரிசிக்கிறார்.

ஆரியசாலை டெய்லர் முருகனிடம் கொடுத்த அளவு, மறக்காமலிருக்க:
ஹால் – இறக்கம் 84 அங்குலம். இரட்டை ராடு. கண்ணாடிப் பக்கம் நெட், அறைப் பக்கம் தடித்துணி.
படுக்கையறை இரண்டு – 60.
அடுக்களை – அரைத்திரை, 24. அடுப்பிலிருந்து தள்ளி.
துணி, ஜன்னல் அகலத்துக்கு இரண்டு பங்கு. குறைந்தால் மடிப்பு விழாது, காயப்போட்ட வேட்டி மாதிரி தொங்கும்.

முப்பத்தொரு வருஷம் டிராஃப்ட்ஸ்மேன் வேலை பார்த்தவன். என் அளவு தப்பாது. ராடை ஆறு அங்குலம் மேலே அடித்தால் அறை உயரமாகத் தெரியும் என்றேன். "முப்பத்தஞ்சு வருஷமா ஒங்களோட குடித்தனம் பண்றேன், நீங்க சொல்லி எதுவும் ஒசந்து பாக்கலை" என்கிறாள் ஜயா.

மாலை மாப்பிள்ளை ரமேஷ் போன். "வித்யாவைப் பாத்தேளா மாமா?" தன்மையாகத்தான் கேட்கிறான். மகள் அவனை விட்டு வந்து எட்டு மாதம். பூஜப்புரையில் மாடியறை எடுத்துத் தனியாக இருக்கிறாள். அடித்தான் என்றாள். ஒரு தடவைதானே, திரும்பிப் போ என்றேன். அதிலிருந்து இந்த வீட்டுப் படி ஏறவில்லை.

பி.பி. மாத்திரை தீர்ந்தது.

ஜூன் 11, புதன்

வெயில். முருகன் வந்து கர்ட்டன் மூட்டையை இறக்கிவிட்டுப் போனான். ஜயா கோவிலில். ராடு எல்லாம் நானே அடித்தேன். ஹால் பிரமாதம். நெட் வழியாக வரும் வெளிச்சத்தில் பழைய சோபாவுக்குக்கூட ஒரு களை.

ஒன்று மிச்சம். கடும் பழுப்பு, முதுகில் கறுப்பு லைனிங். இறக்கம் 45. எந்த ஜன்னலுக்கும் சேரவில்லை. டேப்போடு வீடு முழுக்கச் சுற்றினேன், பாத்ரூம் உட்பட. வேறு யாருடையதையோ சேர்த்துக் கட்டிவிட்டான்.

ஜயா வந்ததும் காட்டினேன். "இருக்கட்டும், அப்பறம் பாக்கலாம்" என்று வாங்கி மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள். அடுத்தவர் பொருள் நம் அலமாரியிலா?

ஜூன் 12, வியாழன்

ஆரியசாலை. சேறு, லாரி, மல்லி மூட்டை வாசனை. முருகனைப் பிடித்துத் திட்ட ஆரம்பித்தேன். அவன் நோட்டை எடுத்துக் காட்டினான். என் அளவுகளுக்குக் கீழே ஜயாவின் கையெழுத்து: 45 இறக்கம், 80 அகலம், ஒன்று.

"அம்மா தந்த அளவாக்கும் சாரே. லைட்டு போட்டா நெழலுகூட வெளிய தெரியப்படாதுன்னு ரெண்டு மட்டம் சொன்னாவ."

"எந்த ஜன்னலுக்கு?"

"பூஜப்புரையில மக இருக்க ரூமுன்னாவ. சாருக்குத் தெரியாதா?"

தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜயா அரிசி களைந்துகொண்டே சொன்னாள். ரமேஷ் வாரத்தில் நாலைந்து நாள் சாயங்காலம் வந்து, வித்யாவின் ஜன்னலுக்கு எதிரே ஜூஸ் கடைப் பக்கம் பைக்கை நிறுத்திவிட்டு நிற்கிறானாம். கூப்பிடுவதில்லை, சண்டையில்லை. மேலே பார்த்துக்கொண்டே எட்டு மணி வரை. அவள் லைட் போடாமல் இருட்டில் உட்கார்ந்திருப்பாளாம்.

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"ஒங்ககிட்ட சொன்னா அவனுக்குத் தெரிஞ்சுடும். அட்ரஸ் தெரிஞ்சாப்ல."

அட்ரஸ் கொடுத்தது நான். போன மாதம். மரியாதையாகக் கேட்டான், சேர்ந்து வாழ்ந்தால் நல்லதுதானே என்று கதவு நம்பர் வரை சொன்னேன். ஜயாவுக்கு இது தெரியும் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும். போலீசில் சொல்லலாம் என்றால் நான் குடும்ப மானம் என்பேன் என்று திரை தைக்கக் கொடுத்திருக்கிறாள். அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 14, சனி

மேகமூட்டம். டிரில், ராடு, ஸ்க்ரூ எட்டு, டேப், பென்சில். திரை பிளாஸ்டிக் பையில். ஜயா வருகிறேன் என்றாள். நான் மட்டும் போகிறேன் என்றேன்.

கதவைத் தட்டினதும் "ஆரா?" என்று மலையாளத்தில் குரல். "அப்பா." திறக்க நேரமாயிற்று. முதலில் என் தோளுக்குப் பின்னால் படிக்கட்டைப் பார்த்தாள். நான் தனியாகத்தான் வந்திருக்கிறேனா என்று.

ஒரு கட்டில், ஒரு மேஜை, ஸ்டவ். ஜன்னலில் பெட்ஷீட்டை ஆணியடித்து வைத்திருக்கிறாள். காற்றே இல்லை. மெலிந்துவிட்டாள்.

அளந்தேன். ஜயாவின் கணக்கு இம்மி பிசகவில்லை. இரண்டு பக்கமும் எட்டு அங்குலம் தாராளம், ஓரத்தில் வெளிச்சம் கசியாமலிருக்க. எனக்குத் தோன்றியிருக்காது. நான் அறை அழகாகத் தெரிவதற்கு அளப்பவன்.

வித்யா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். சுவரைப் பார்த்தபடி சொன்னேன். "அட்ரஸ் நான்தான் குடுத்தேன்."

"தெரியும்ப்பா. ஒங்கப்பா என் பக்கமாக்கும்னு அவரே மெசேஜ் போட்டார்."

அப்புறம் டிரில் சத்தம்தான்.

சனிக்கிழமை அவனுக்கு வேலை ஒன்பது வரை, வரமாட்டான் என்றாள். இருட்டியதும் லைட் போடச் சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டிப் போய் நின்றேன். போனில், "ஜன்னல் கிட்ட நட. கையைத் தூக்கு."

"தூக்கிண்டுதான் இருக்கேன். தெரியறதா?"

"இல்லை."

"ஓரத்துல?"

"இல்லைம்மா."

ஜூஸ் கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவன் நிற்கும் இடத்தில்தான் நின்றிருந்தேன். அங்கிருந்து அந்த ஜன்னல் எவ்வளவு பக்கம். கடை பெஞ்சில் உட்கார்ந்தேன்.

ஜூன் 16, திங்கள்

மழை. ஹால் ராடு இடது பக்கம் கால் அங்குலம் சரிவு. பிறகு பார்க்கலாம்.

எட்டு மணிக்கு ரமேஷ் போன். ஜயா பக்கத்தில் இருந்தாள், ஸ்பீக்கரில் போட்டேன்.

"மாமா, வித்யா அங்க ஆத்துக்கு வந்திருக்காளா? ரூம்ல லைட்டே காணும். ஒரு மணி நேரமா பாத்துண்டிருக்கேன்."

அதே மரியாதை.

"இனி அந்த ஜன்னலைப் பாக்காதே" என்றேன்.

"என்ன மாமா, நீங்கதானே..."

வைத்துவிட்டேன். ஜயா இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து நாற்காலி மேல் போட்டாள். "காலம்பற வனிதா போலீஸ் ஸ்டேஷன். வித்யாட்ட நீங்களே சொல்லுங்கோ."

சொன்னேன். "செரிப்பா" என்றாள்.

ஜூன் 17, செவ்வாய்

பத்து மணிக்கு மூன்று பேரும் போனோம். நல்ல மழை. எஸ்.ஐ. அம்மா நிதானமாகக் கேட்டு எழுதிக்கொண்டார். என்றைக்கிலிருந்து, எத்தனை மணிக்கு, மெசேஜ் உண்டா. வித்யா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியில், அவனுக்கு இந்த அட்ரஸ் எப்படிக் கிடைத்தது என்று மலையாளத்தில் கேட்டார்.

வித்யா என்னைப் பார்க்கவில்லை. "அறியில்ல மேடம்" என்றாள்.

நான் எழுந்து நின்றேன். நான்தான் கொடுத்தேன், அதையும் எழுதுங்கள் என்றேன்.