மூன்றாம் சாளரத்தில் ஐந்தாவது முறையாக

அனுப்புநர்:
பல் செட் செய்பவர் (பெண், வயது 56),
தங்கள் அலுவலகத்துக்கு எதிர்ச்சாரி, முதல் மாடி.

பெறுநர்:
பதிவு அலுவலர்,
குடும்ப அட்டைப் பிரிவு.

பொருள்: குடும்ப அட்டையில் என் உறவு முறை நான்கு முறை தவறாக எழுதப்பட்டு, ஐந்தாம் முறை என் பெயரே அடித்து நீக்கப்பட்டது – 21ஆம் தேதி நடக்கவிருக்கும் அறுவை சிகிச்சைக்கு முன் சரிசெய்யக் கோருவது – தொடர்பாக.

பார்வை: சென்ற வாரம் என் கதவிடுக்கில் செருகப்பட்ட தங்கள் குறிப்பாணை.

மதிப்பும் பொறுமையும் மிக்க ஐயா,

1. பள்ளி வேன் ஓட்டுநரான ஒரு பெண்மணியுடன் (வயது 59) இருபது ஆண்டுகளாக ஒரே வீட்டில், ஒரே சமையலறையில், பெரும்பாலும் ஒரே கருத்தில் வாழ்ந்து வருகிறேன். அவர் அட்டைதாரர், நான் அவருடைய வாழ்க்கைத் துணை. இதை என் தாயாரிடம் ஒரு முறை சொன்னேன். அவர் ஒரு முறை அழுதார். விஷயம் அத்தோடு முடிந்தது. தங்கள் அலுவலகத்தில் அட்டை புதுப்பிக்கும்போதெல்லாம், ஐந்தாண்டுக்கு ஒரு முறை சொல்லி வருகிறேன், முடிந்தபாடில்லை.

2. மூன்றாம் சாளரத்தில் கண்ணாடி போட்ட பிறகு ஊழியருக்கு ஒரு மைக் வழங்கப்பட்டுள்ளது. பொதுமக்களுக்கு ஒரு துளை வழங்கப்பட்டுள்ளது. "அவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்ற கேள்வி கூடம் முழுக்க ஒலிக்கிறது. பதில் துளைக்குள் நுழைவதில்லை என்பதால் நான் கத்த வேண்டியுள்ளது. சென்ற மாதம் "வாழ்க்கைத் துணை" என்று மூன்று தடவை கத்தினேன். வரிசையில் நின்ற முப்பது பேருக்கும் கேட்டது. ஊழியருக்கு மட்டும் கேட்கவில்லை. எனக்குப் பின்னால் நின்றவர் பொறுக்கமாட்டாமல், "ரெண்டு பேரும் ஒண்ணா குடும்பம் நடத்துறாங்களாம் சார்! எழுதி விடுங்க, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு!" என்று விளக்கினார். அவருக்கு என் நன்றி. ஊழியர் சிரித்தார். அவர் சிரித்த பற்கள் நான் செய்தவை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

3. கண்ணாடி இல்லாத காலத்திலும் இதே கதைதான். முதல் முறை என்னை "வாடகைதாரர்" என்று எழுதினார்கள். வீட்டுப் பத்திரத்தில் இருவர் பெயரும் உள்ளன. இரண்டாம் முறை "சமையல்". நான் வெந்நீர் வைத்தாலே அடிப்பிடிக்கும். வேன் ஓட்டுநர் இதைப் படித்து இரண்டு நாள் சிரித்தார். மூன்றாம் முறை "சித்தி". என்னைவிட மூன்று வயது மூத்தவருக்கு நான் சித்தியானேன். தங்கள் சுவரில் தொங்கும் விதிப் பலகையின் ஆறாம் விதி, "உறவு முறை விண்ணப்பதாரர் கூறுகிறபடியே எழுதப்படும்" என்கிறது. பலகையைத் தினமும் துடைக்கிறார்கள். படிப்பதாகத் தெரியவில்லை.

4. நான்காம் முறை "சகோதரி". எழுதியவர் அப்போது கண்காணிப்பாளராக இருந்த மனிதர். இப்போது உயிருடன் இல்லை. என்னை உள்ளே அழைத்து உட்காரவைத்து, "அக்கா தங்கச்சின்னு போட்டுட்டா ஒருத்தனும் கேள்வி கேக்க மாட்டான்மா. என் அட்டையிலயும் கூட இருக்கறவரு 'தம்பி'தான். முப்பது வருஷமா ஓடுது" என்றார். அவர் காலத்தில் ஒளிந்துகொள்ளத்தான் அட்டை உதவியது. அந்த மறைவிடத்தை அன்போடு எனக்கும் பங்கிட்டுக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டது என் தவறு.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் மருத்துவமனையில் கிடந்தபோது, தம்பிக்குத் தகப்பனார் பெயர் ஏன் வேறாக இருக்கிறது என்று கேட்டு, அந்தத் "தம்பி"யை வார்டு வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். நான்கு நாள் அங்குள்ள மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான்காம் நாள், இனி உட்கார வேண்டியதில்லை என்றார்கள். இதை மனுவில் எழுதலாமா என்று அந்தத் "தம்பி"யிடமே கேட்டேன். "எழுதும்மா. இனிமே என்கிட்ட பறிச்சுக்க என்ன இருக்கு?" என்றார்.

5. ஐந்தாம் முறை, அதாவது சென்ற மாதம், ஊழியர் என் கத்தலை விட்டுவிட்டுப் பழைய அட்டையைப் பார்த்து மறுபடியும் "சகோதரி" என்று எழுதினார். எழுதிய பிறகு, பெற்றோர் பெயர்கள் ஒத்துவரவில்லை என்று கண்டுபிடித்து என் பெயரை அடித்தார். தாம் எழுதிய பொய்யைத் தாமே பிடித்த திறமை பாராட்டத்தக்கது. நாங்கள் இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று தாயாரிடமிருந்து பதினைந்து நாளுக்குள் உறுதிமொழிப் பத்திரம் கொண்டுவர வேண்டும் என்பது தங்கள் குறிப்பாணை.

6. ஆணைக்குப் பணிந்து, வேன் ஓட்டுநரின் தாயாரிடம் (வயது 82) சென்றேன். இந்த அம்மையார், எங்கள் விஷயம் தெரிந்த நாளிலிருந்து ஆறு ஆண்டுகள் என்னோடு பேசாதிருந்தவர். பிறகு பற்கள் போய் என் பட்டறைக்கு வந்தார். அக்கம்பக்கத்தில் பல் செட் செய்ய வேறு ஆள் இல்லை. வாய் நிறைய அச்சு எடுக்கும் பசையோடு அவர் நாற்காலியில் சாய்ந்திருந்த ஐந்து நிமிடத்தில் நான் எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்து போக அவரால் முடியவில்லை. பசையை எடுத்ததும், "சொல்லி முடிச்சிட்டியா? சரி, நல்லா கடிக்கிற மாதிரி செஞ்சு குடு" என்றார். அன்று முதல் பேசுகிறார், சற்று அதிகமாகவே. தங்கள் குறிப்பாணைக்கு அவருடைய பதில்: "இந்த ரெண்டுல நான் பெத்தது ஒண்ணு. இன்னொண்ணு தானா வந்து ஒட்டிக்கிச்சு. இதுக்கு மேல எந்த ஆபீசுக்கு என்ன எழுதணும்?" இதையே பத்திரத்தில் எழுதி, அவர் கையொப்பத்துடன் இணைத்துள்ளேன்.

7. வரும் 21ஆம் தேதி அதே மருத்துவமனையில் வேன் ஓட்டுநருக்கு இதய வால்வில் அறுவை சிகிச்சை. அட்டையில் பெயருள்ள ஒருவருக்குத்தான் வார்டுக்குள் செல்லத் துணையாள் சீட்டு தருவார்கள். அட்டையில் இப்போது அவரைத் தவிர யாருமில்லை. அந்த மர பெஞ்ச் எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும், ஐயா.

8. வேன் ஓட்டுநருக்கு உடன்பிறந்த தம்பியின் மகள் ஒருத்தி உண்டு, வயது 24. எங்களுடையதைப் போன்ற தன் விஷயத்தை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொல்லிவிட்டு, தட்டைக் கழுவ எழுந்து போனவள். எங்கள் பழைய அட்டையைப் பார்த்து, "அத்தே, சிஸ்டரா? இதையா அஞ்சு வருஷம் பீரோவுல பூட்டி வெச்சிருந்தீங்க?" என்றாள். அடுத்த ஆண்டு தன் துணையோடு அவளும் அதே மூன்றாம் சாளரத்துக்கு வருவாள். என் பொறுமை அவளுக்குக் கிடையாது. குரலும் என்னைவிடப் பெரிது. முன்கூட்டியே தெரிவிப்பது என் கடமை.

ஆகவே, குறிப்பாணையை ரத்து செய்து, ஆறாம் விதிப்படி நான் கூறியதை நான் கூறியபடியே 21ஆம் தேதிக்கு முன் எழுதித் தருமாறு வேண்டுகிறேன். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வந்து நிற்பேன். மைக்கை அணைக்க வேண்டாம். எழுதியதை அதிலேயே ஒரு தடவை படித்துவிட்டால், இனி நான் கத்தத் தேவையிருக்காது.

இணைப்பு: பழைய அட்டைகள் நான்கு, தாயாரின் பத்திரம் ஒன்று.

நாள்: இம்மாதம் 9
இடம்: தங்கள் சன்னலிலிருந்து தெரியும் மாடி

இப்படிக்கு,
தங்கள் பதிவேட்டின்படி வாடகைதாரர், சமையல், சித்தி, சகோதரி, பிறகு எவருமில்லை;

(ஒப்பம்)
வாழ்க்கைத் துணை